வேலை நாய் எங்கே படுக்க வேண்டும்? வீடு, கொட்டில், சங்கிலி, மந்தை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கு நாய் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் தீனி விஷயத்தில்கூட ஒத்துப்போய்விடுவார்கள். நாய் ராத்திரி எங்கே படுப்பது என்று பேச்சு திரும்பினால் போதும், எழுந்து போகிறவரையும் பார்க்கலாம். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்களில் என் சாய்வு தெரியும். மறைக்கவில்லை.

ஒரே விஷயத்தில் ஏன் இத்தனை கருத்து?

ஒவ்வொருவரும் தன் நாயை மனதில் வைத்துக்கொண்டு எல்லா நாய்க்கும் சட்டம் சொல்வதால்தான். 'வேலை நாய்' என்ற ஒரு சொல்லுக்குள் ஆட்டை ஓட்டும் பார்டர் கோலி, ஆட்டைக் காக்கும் காங்கால், பனியில் வண்டி இழுக்கும் அலாஸ்கன் ஹஸ்கி, வெடிமருந்தை மோப்பம் பிடிக்கும் லாப்ரடார், ஆளைக் கடித்துப் பிடிக்கப் பழகிய மாலினாய், பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் என்று எல்லாமே அடங்கிவிடுகின்றன.

ஓட்டும் நாயையும் காக்கும் நாயையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஆட்டோடு இருப்பவைதான். ஆனால் ஓட்டும் நாயிடம் இருப்பது பாதியில் நிறுத்தப்பட்ட வேட்டைக் குணம்: பதுங்கும், முறைத்துப் பார்க்கும், வளைக்கும், பிடித்துக் கொல்லாது. வேலை முடிந்ததும் அதைப் பூட்டாமல் விட்டால், யாரும் சொல்லாமலே ராத்திரி முழுக்க ஆடுகளை வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டிருக்கும். காக்கும் நாயிடம் அந்தக் குணம் தலைகாட்டவே கூடாது; அது ராப்பகலாக ஆடுகளோடேயே கிடக்க வேண்டும். அதைப் பூட்டினால் ஓநாய்க்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. இப்போது இந்த இரண்டு நாய்க்காரர்களையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். "நீ பூட்டிவைக்கிறாயே, கொடுமை" என்பார் ஒருவர். "நீ மழையில் விடுகிறாயே, அது மட்டும் என்னவாம்?" என்பார் மற்றவர்.

அதனால் யார் என்னிடம் இடம் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் இரண்டு விஷயம் திருப்பிக் கேட்பேன். இந்த நாய் யாரைத் தன் கூட்டம் என்று நினைக்க வேண்டும்? வேலை இல்லாத நேரத்தில் அது என்ன செய்துகொண்டிருக்கும்?

வீட்டுக்குள் வைத்தால் வேலை நாய் கெட்டுப்போகும் என்கிறார்களே?

அவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் நூறு தடவை பந்து எறிவார்கள். வருகிற விருந்தாளியெல்லாம் தடவிக்கொடுப்பார்கள். ஒருவர் சோபாவில் ஏறாதே என்பார், இன்னொருவர் ஏற்றிவிடுவார். வேலையில் உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய சந்தோஷம் சும்மாவே கிடைத்துவிட்டால் அது ஏன் மெனக்கெடப் போகிறது?

ஆனால் வழிகாட்டி நாயைப் பாருங்கள். குட்டியில் ஒரு குடும்பத்தில் வளர்கிறது. பயிற்சிக் காலத்தில் பெரும்பாலும் கொட்டிலில், அதாவது வெளியே கட்டிய நாய்க்கூண்டில், இருக்கிறது. அப்புறம் வேலைக்காலம் முழுக்க ஒருவருடைய வீட்டில்தான். போக்குவரத்து நெரிசலில் நின்று முடிவெடுக்கும் வேலை அதனுடையது. அது கெட்டுப்போய்விட்டது என்று யாரும் சொல்வதில்லை. அப்படியானால் பந்தை யார் எறியலாம், எப்போது எறியலாம் என்று வீட்டில் ஒரு ஒழுங்கு இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பெல்ஜிய இராணுவ நாய்களைப் பற்றி 2007இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. கையாளுபவர் வீட்டுக்குக் கூட்டிப்போகும் நாய்களும், அவரோடு சேர்ந்து விளையாட்டுப் பயிற்சி செய்யும் நாய்களும் கூடுதலாகக் கீழ்ப்படிகின்றன என்றது அது. வீட்டுப் பக்கம் பேசுபவர்கள் இதைக் கொடி மாதிரி தூக்கிப் பிடிப்பார்கள். நானும் வீட்டுப் பக்கம்தான் சாய்வேன். இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நாயை வீட்டுக்குக் கூட்டிப்போகிற ஆள் ஏற்கெனவே நாயோடு நன்றாகப் பழகுகிற ஆளாக இருப்பார். நாயை மாற்றியது வீடா, அந்த ஆளா என்று பிரித்துச் சொல்வது லேசில்லை.

கடிக்கப் பழக்கிய நாய் விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. கையாளுபவருக்கு அது அடங்கும். அவர் குளிக்கப் போன பத்து நிமிடத்தில் வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கும் அடங்குமா? அதற்குப் பதில் தெரியாத வீட்டில் பூட்டு நன்றாக விழுகிற கொட்டில் வேண்டும்.

அப்படியானால் கொட்டிலில் வைப்பது கொடுமையா?

கொட்டில் ஒரு படுக்கையறை என்றால் கொடுமையில்லை. அதுவே முழு வாழ்க்கை என்றால் கொடுமைதான்.

ஒரு கொட்டிலை மறக்க முடியவில்லை. கழுவித் துடைத்த சிமெண்ட் தரை. அதில் முட்டை வடிவத்தில் ஒரு பளபளப்பு. ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு ஒரே பாதையில் சுற்றிச் சுற்றி அந்த இடத்தை வழவழப்பாக்கியிருந்தது. திரும்பும் மூலையில், அதன் தோள் உயரத்துக்குச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்குக் கறை. நாங்கள் நின்ற நேரம் முழுக்க அது இடப்பக்கமாகவே திரும்பியது. "பாருங்க, எவ்வளவு சுறுசுறுப்பு" என்றார் உரிமையாளர். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்ற பழமொழிதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதைக் கேலியாகச் சொல்வோம். அந்த நாய்க்கு அது கேலியில்லை.

ஆளைக் கண்டு துள்ளுவதற்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. போனை வீடியோவில் போட்டுக் கம்பியில் கட்டிவிட்டு அரைமணி நேரம் வெளியே போய்விடுங்கள். ஆள் இல்லாதபோது படுத்துத் தூங்கினால் கவலை குறைவு. யாரும் இல்லாமலும் சுற்றினால், வாலைத் துரத்தினால், முன்னங்காலின் ஒரே இடத்தைப் புண்ணாகும்வரை நக்கினால், தீனி குறையாமல் உடம்பு மட்டும் வற்றினால், அந்த நாய் அங்கே சமாளிக்கவில்லை. சுவரில் அடித்துக்கொண்ட வால்நுனியும் பார்க்க வேண்டிய ஒன்று.

சத்தமும் சேர்ந்துகொள்ளும். நிறைய நாய்கள் உள்ள கொட்டிலில் குரைப்புச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். தகரக் கூரையும் வெறும் சிமெண்ட் சுவரும் அதை இரண்டாக்கித் திருப்பி அனுப்பும். நாயின் காது நம் காதைவிடக் கூர்மை. அங்கே வேலை பார்க்கிறவர்கள் காதை அடைத்துக்கொள்கிறார்கள். நாய்க்கு அந்த வசதி கிடையாது. கூரைக்கடியில் ஒலியை உறிஞ்சும் பலகை போடுவதற்கு ஆகும் செலவு வீண் செலவு இல்லை.

எவ்வளவு பெரிய கொட்டில் வேண்டும்?

எண் கேட்பவர்களுக்கு ஜெர்மனியின் விதி ஒரு அளவுகோல். தோள்பட்டை உயரம் 50 செ.மீ. வரை உள்ள நாய்க்கு 6 சதுர மீட்டர், 65 செ.மீ. வரை 8, அதற்கு மேல் 10. எந்தப் பக்கமும் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது, நாயின் நீளத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். அதே விதியில் ஒரு சலுகையும் உண்டு: வாரத்தில் 5 நாளாவது பகலின் பெரும்பகுதியைக் கொட்டிலுக்கு வெளியே கழிக்கிற நாய்க்கு 6 சதுர மீட்டரே போதும். சட்டம் எழுதியவர்களுக்கும் வெளியே போகிற நேரம்தான் பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

இடத்தைப் பெரிதாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பெரிய ஓட்டவெளி கட்டிவிட்டு நாயை மறந்தவர்கள் உண்டு. நாய் கதவோரத்து ஒரு மூலையில்தான் நாள் முழுக்க நிற்கும். ஏனென்றால் மனிதன் வருவது அந்தக் கதவு வழியாக.

அளவைவிட நான் முதலில் பார்ப்பது தரையை. கனமான நாய் வெறும் சிமெண்டில் படுத்தால் முழங்கையில் தோல் காய்த்துப்போகும், சிலவற்றுக்கு நீர் கோத்துக்கொள்ளும். தரையைவிட்டு ஒரு சாண் உயர்ந்த பலகைப் படுக்கை போதும், தரை ஈரம் ஏறாது. படுக்கும் பெட்டி மட்டும் சின்னதாக, நாய் நின்று திரும்பிச் சுருண்டுகொள்ளும் அளவில் இருக்கட்டும்; குளிரில் அதன் உடம்புச் சூடுதான் ஹீட்டர். வாசல் காற்றடிக்கும் திசையைப் பார்க்கக் கூடாது. ஏறி நின்று வெளியே பார்க்க ஒரு மேடை இருந்தால் பல நாய்களின் குரைப்பு அடங்கிவிடும். பக்கத்துக் கொட்டிலோடு முட்டிக்கொள்ளும் நாய்களுக்கு நடுவில் கம்பிக்குப் பதில் மூடிய தடுப்பு போடுங்கள்.

சங்கிலியில் கட்டலாமா?

அதிகம் சண்டை நடப்பது இங்கேதான்.

பனிச்சறுக்கு வண்டி நாய்க்காரர்கள் காலங்காலமாகக் கட்டித்தான் வளர்க்கிறார்கள். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பெட்டி, ஒரு கம்பம், சுழலும் வளையத்தோடு ஒரு சங்கிலி. அவர்களின் வாதம் இது: பக்கத்து நாயைப் பார்க்க முடிகிறது, மூக்கோடு மூக்கு உரச முடிகிறது, சண்டை வந்தால் விலக முடிகிறது, தன் தட்டுத் தீனி தனக்கே. பெட்டியின் கூரைமேல் ஏறி ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும் ஹஸ்கியைப் பார்த்தால் அந்த வாதம் எடுபடத்தான் செய்கிறது. வேலியோர சண்டையில் காது கிழிந்த நாயைப் பார்த்தவர்களும் சங்கிலிக்காரர்கள் பக்கம் வந்துவிடுவார்கள்.

எதிர்த்தரப்பு சொல்வதும் லேசானதில்லை. சங்கிலி சிக்கிக்கொள்ளும், தண்ணீர் கிண்ணம் கவிழும், அவிழ்ந்து வருகிற இன்னொரு நாயிடமிருந்து தப்பி ஓட வழியில்லை. அமெரிக்காவில் டென்வர் நகர நாய்களை வைத்து 1994இல் வெளிவந்த ஆய்வு, முற்றத்தில் சங்கிலியில் கட்டி வைத்த நாய் கடிப்பதற்கான வாய்ப்பு சுமார் 2.8 மடங்கு என்று கணக்கிட்டது. அவை வீட்டு நாய்கள், இழுவை நாய்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்க வேளாண்மைத் துறை 1997இல், உரிமம் பெற்ற இடங்களில் நாயின் நிரந்தர இருப்பிடமாகச் சங்கிலியை ஏற்க முடியாது என்று விதியை மாற்றியது. பிறகு 2001இல் வேடிக்கை. 30 அலாஸ்கன் இழுவை நாய்களைச் சங்கிலியிலும் அடைப்பிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு, நடத்தையில் பெரிய வித்தியாசமில்லை, ஒன்றைவிட மற்றது மேல் என்று சொல்ல முடியாது என்றது. இரண்டு தரப்பும் இதைத் தங்களுக்குச் சாதகமாகவே படிக்கின்றன. நான் படிப்பது வேறு மாதிரி: அந்த அடைப்பும் இந்தச் சங்கிலி வட்டமும் நாய்க்கு ஒன்றுபோலவே சின்னதாகத் தெரிந்திருக்கலாமே.

ஜெர்மனி 2022 முதல் கட்டி வளர்ப்பதைத் தடை செய்துவிட்டது. ஆனால் பழக்கிய வேலைக்குப் போன இடத்தில், ஆள் கூடவே இருக்கும்போது கட்டலாம் என்று ஒரு விலக்கு வைத்திருக்கிறது. ஸ்விட்சர்லாந்தில் கட்டலாம், ஆனால் பகலில் 5 மணி நேரமாவது அவிழ்த்துவிட வேண்டும், மற்ற நேரத்தில் ஓடுகம்பியில் (சங்கிலி வளையம் ஓடும் நீளக் கம்பி) 20 சதுர மீட்டராவது நடமாட்டம் வேண்டும்.

என் கணக்கு: நாள்தோறும் பல கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து, தன் கூட்டத்தின் நடுவில் சங்கிலியில் தூங்குகிற நாயைப் பார்த்தால் எனக்குப் பெரிதாக உறுத்துவதில்லை. கொல்லையில் தனியாக, "காவலுக்கு" என்று வருடக்கணக்கில் கட்டிப்போட்ட நாய் என்றால் அந்தச் சங்கிலி எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி, எனக்குச் சம்மதமில்லை. அது காவலும் காப்பதில்லை. திருடன் சங்கிலி நீளத்தை ஒரு ராத்திரியில் தெரிந்துகொள்வான்.

கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அகலமான பட்டை போடுங்கள். இறுகும் பட்டையில் ஒருபோதும் கட்டாதீர்கள்.

மந்தைக் காவல் நாயை மனிதர் தொடவே கூடாதாமே?

இந்த அறிவுரைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் தம்பதி 1970களின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் காவல் நாய்களை வரவழைத்துப் பண்ணையாளர்களிடம் கொடுத்தார்கள். நாய்க்குட்டி யாரோடு பழகுகிறதோ அவர்களைத் தன் கூட்டமாக எடுத்துக்கொள்ளும் காலம் சுமார் 3 வாரத்தில் தொடங்கி 12, 14 வாரத்தில் மூடத் தொடங்குகிறது. அந்த ஜன்னல் திறந்திருக்கும்போது குட்டி ஆட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வலியுறுத்திய பாடம். சரியான பாடம்தான். கைமாறிக் கைமாறி வந்ததில் "தொடாதே, பேசாதே, பெயர்கூட வைக்காதே" என்று அது முற்றிப்போனது.

அப்படி வளர்ந்த நாயை எப்படிப் பிடிப்பீர்கள்? தடுப்பூசி போட, காலில் தைத்த முள்ளை எடுக்க, வேறு மேய்ச்சலுக்கு மாற்ற, எல்லாவற்றுக்கும் கை படவேண்டும். நடைப்பயணம் வருகிறவர்களைப் பார்த்து அது என்ன செய்யும் என்பது இன்னொரு தலைவலி. இப்போது வளர்ப்பவர்களில் பலர் சொல்வது நடுவழி: குட்டி வாழ்வதும் உண்பதும் உறங்குவதும் ஆட்டோடு, தினமும் சில நிமிடம் மனிதன் பட்டிக்குள் போய்த் தொட்டு, வாயைத் திறந்து பார்த்து, கயிற்றில் நாலடி நடத்திவிட்டு வரவேண்டும். குட்டியை மட்டும் வீட்டு வாசலுக்குத் தூக்கி வராதீர்கள். வாசலில் ஒரு வாரம் கொஞ்சினால், அப்புறம் அது காக்கிற மந்தை உங்கள் வாசல்தான்.

நல்ல குட்டி எப்படி இருக்கும் என்றால், ஆடு முட்ட வரும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பி, உடம்பைத் தாழ்த்தி, அப்படியே மல்லாக்கப் படுத்துவிடும். கிழட்டு ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே அசைபோட உட்காரும். ஓடி விளையாடும் வயதில், 5 மாதத்திலிருந்து ஒரு வருடம்வரை, காதைக் கடிப்பது, கம்பளியை இழுப்பது எல்லாம் நடக்கும். அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். ஒன்றரை, இரண்டு வயதுவரை முழுசாக நம்ப முடியாது, கண்காணிக்கத்தான் வேண்டும்.

முறையாகச் செய்தால் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு இடங்கள். நமீபியாவில் சீட்டா கன்சர்வேஷன் ஃபண்ட் 1994 முதல் காங்கால், அனடோலியன் வகை நாய்களை விவசாயிகளுக்குக் கொடுத்து வருகிறது. கால்நடை தப்பினால் விவசாயி சிவிங்கிப்புலியைச் சுட மாட்டான் என்பது கணக்கு. ஆஸ்திரேலியாவின் மிடில் ஐலண்ட் தீவில் 2006 முதல் மரெம்மா நாய்கள் நரியிடமிருந்து காப்பது ஆடுகளை இல்லை, சின்னஞ்சிறு பென்குவின்களை.

ஒரே கொட்டிலில் இரண்டு நாய் போடலாமா?

ஒத்துப்போகிற ஜோடி என்றால் தாராளமாக. தனிமைதான் கொட்டிலின் மோசமான பகுதி. தீனி நேரத்தில் மட்டும் பிரித்துவிடுங்கள், புதிய ஜோடியை முதல் வாரம் ராத்திரியில் தனியே விடாதீர்கள். நாய்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டால் மனிதனை மதிக்காது என்ற பயத்தில் பல பயிற்சியாளர்கள் மறுப்பார்கள். ஒரே ஈத்துக் குட்டிகள் இரண்டை ஒன்றாக வளர்க்கும்போது அந்தப் பயம் நியாயம். வளர்ந்து, வேலை பழகிய நாய்களில் நான் அப்படிப் பார்த்ததில்லை.

வெயில், குளிர் இரண்டில் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்?

வெயிலுக்கு. அடர்ந்த ரோமம், காய்ந்த வைக்கோல், காற்றுப் புகாத பெட்டி இருந்தால் பல வேலை நாய்கள் கடுங்குளிரையும் தாங்கும். வெப்பத்தில் அதற்கு இருப்பது மூச்சிரைப்பு ஒன்றுதான். வியர்வைச் சுரப்பிகள் பாதத்தில் கொஞ்சம், அவ்வளவே. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38இலிருந்து 39 டிகிரி செல்சியஸை ஒட்டி. 41ஐத் தாண்டினால் ஆபத்து. வேலையில் இறங்கிவிட்ட நாய் தானாக நிறுத்தாது. மயங்கி விழும்வரை ஓடும். அதனால் நிழலும் காற்றோட்டமும் தண்ணீரும் உள்ள இடம் வேலைக்களத்திலும் வேண்டும், வண்டியிலும் வேண்டும். நிறுத்திய வண்டிதான் பல நல்ல நாய்களைக் கொன்றிருக்கிறது.

பூட்டாமல் சுற்றவிட்டால் என்ன? சுதந்திரமாக இருக்கட்டுமே.

சுற்றுகிற நாய் செத்த ஆட்டின் ஈரல், நுரையீரலைத் தின்னும். அதில் நீர்க்கட்டி இருந்தால் நாயின் குடலில் சின்ன நாடாப்புழு வளரும். அதன் முட்டை நாயின் மலத்தோடு வெளியேறி, நாயின் ரோமத்தில் ஒட்டி, நம் கை வழியாக நம் ஈரலுக்கே வந்து சேரும். நியூசிலாந்து இந்த நோயோடு பல பத்தாண்டுகள் போராடி 2002இல்தான் தற்காலிகமாக விடுபட்டதாக அறிவித்தது. நாய்க்கு முறையாக மருந்து கொடுப்பதும், வேகவைக்காத இறைச்சிக் கழிவு வாயில் படாமல் பார்ப்பதும், வேலை முடிந்ததும் கொட்டிலில் அடைப்பதும் அந்தப் போராட்டத்தின் பகுதிகள். ஆடு வைத்திருப்பவர்கள் குடற்புழு மருந்தின் இடைவெளியைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

தீனி வைத்துவிட்டு ராத்திரி பூட்டிவிட்டுப் போகலாமா?

பெரிய, ஆழமான மார்புள்ள நாய் என்றால் கடைசித் தீனிக்கும் நீங்கள் தூங்கப் போவதற்கும் நடுவில் ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். வயிறு உப்பி முறுக்கிக்கொள்வது சில மணி நேரத்தில் உயிரை எடுக்கும். வாந்தி வராமல் ஓங்கரிப்பதுதான் முதல் அறிகுறி. அமெரிக்க இராணுவம் தன் பெரிய நாய்களுக்கு முன்கூட்டியே இரைப்பையை வயிற்றின் உட்சுவரோடு தைத்துவிடும் அறுவை செய்வது இதற்காகத்தான். ஓடி இரைக்கும் நாய்க்கு உடனே வயிறு நிறையத் தீனி வைக்க வேண்டாம். வீட்டுக்குள் படுக்கிற நாய்க்கு இந்த விஷயத்தில் ஒரு சாதகம் உண்டு: அது முனகினால் யாருக்காவது கேட்கும்.

குட்டியை எப்போது கொட்டிலுக்குப் பழக்குவது?

பின்னால் கொட்டிலில் இருக்கப்போகிறது என்றால் குட்டியிலேயே. வீட்டில் வளர்ந்த குட்டியை ஒரு வயதில் திடீரென்று கொட்டிலில் தள்ளுவதுதான் தவறு. முன்பே அவ்வப்போது பழக்கப்பட்ட குட்டிகளுக்குப் பதற்றம் குறைகிறது என்று தேடல் நாய்களுக்கான லாப்ரடார்களிடம் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பகலில் பத்து நிமிடம், மெல்லுவதற்கு ஏதாவது கொடுத்து, கதவைத் திறந்தபடி வைத்து ஆரம்பியுங்கள். அழும்போது திறக்காதீர்கள், அழும் அளவுக்கு விடவும் செய்யாதீர்கள்.

ஓய்வு பெற்ற நாயை வீட்டுக்குள் கொண்டுவந்தால் பழகுமா?

பெரும்பாலும் பழகும், நாம் நினைக்கிற வேகத்தில் இல்லை. அமெரிக்காவில் இராணுவ நாய்களை ஓய்வுக்குப் பின் தத்துக்கொடுக்க 2000ஆம் ஆண்டில்தான் சட்டம் வந்தது. அதற்கு முன் அந்தக் கேள்விக்கே பெரிதாக இடமிருந்ததில்லை.

எட்டு வருடம் கொட்டிலில் இருந்த நாய்க்கு வழவழப்பான தரை புதிது, மாடிப்படி புதிது, மிக்ஸி சத்தம் புதிது. எனக்குத் தெரிந்த ஒரு கிழட்டு மோப்ப நாய் முதல் மாதம் வீட்டுக்குள் வரவே மறுத்தது. அவர்கள் அதன் பழைய படுக்கைப் பலகையைக் கேட்டு வாங்கி வந்து பின்வாசலுக்கு வெளியே போட்டார்கள். வாரத்துக்கு ஓரடி உள்ளே நகர்த்தினார்கள். இப்போது பலகை ஹாலில் கிடக்கிறது, நாய் அதற்குப் பக்கத்துத் தரையில் படுக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மட்டும் எழுந்து போய்ப் பலகைமேல் ஏறி, யாராவது வந்து கதவைச் சாத்தட்டும் என்று காத்திருக்கிறதாம். அவர்கள் போய் ஹால் கதவைச் சாத்திவிட்டு வருகிறார்கள்.